ஆசிரியர் காதுக்குப் பத்து நிமிடம்



இந்த இதழில் என் பக்கத்தை ஆசிரியர்களுக்கென்று எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியரல்லாத வாசகர்கள் தாளைப் புரட்டிவிட வேண்டாம். நம் மாத்தளை மாவட்டத்துத் தமிழ் பேசும் வீடுகளில் அக்காவோ, தம்பியோ, மருமகளோ, பக்கத்து வீட்டுக்காரரோ யாரோ ஒருவர் காலையில் கற்பிக்கப் புறப்படுகிறார். தோட்டத்துக் குடும்பங்களில் முதன்முதலாக அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் பெயர்தான் வரும். அவர்கள் தொழிலில் தேறுவது நம் எல்லார் வீட்டுக் கதையும்தான்.

பேச வந்தது பொட்காஸ்ட் பற்றி. 'இளசுகள் சினிமாவும் கிரிக்கெட்டும் பேசிச் சிரிக்கிற சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். வானொலி நிகழ்ச்சிதான் அது. ஒலிபரப்பாகும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் வித்தியாசம். போனில் இறக்கி வைத்துக்கொண்டு வேண்டியபோது கேட்கலாம், நிறுத்தலாம், விளங்காவிட்டால் திருப்பிக் கேட்கலாம். 2004 பெப்ரவரியில் பென் ஹமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் வைத்த பெயர் அது. மறு ஆண்டு அப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் இடம் கொடுத்தது. பிறகு ஊர் உலகமெல்லாம் பேசத் தொடங்கிவிட்டது. அந்தப் பேச்சுக்குள் ஆசிரியர்கள் ஆசிரியர்களோடு பேசும் நிகழ்ச்சிகளும் ஏராளம். அமெரிக்காவில் ஜெனிபர் கொன்சாலஸ் என்ற முன்னாள் ஆசிரியை 'கல்ட் ஒப் பெடகொஜி' என்ற பெயரில் பேசுகிறார். பிரிட்டிஷ் கவுன்சில் ஆங்கிலம் கற்பிப்போருக்கென்றே ஒரு பொட்காஸ்ட் நடத்துகிறது. தமிழில் ஆசிரியர்களுக்கென்று அப்படிச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டால் நான் தயங்குவேன்.

பொட்காஸ்ட் நம் மாவட்டத்துக்குப் பொருந்தும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் பாதை. காலை ஆறு மணிக்கு மாத்தளை பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். இரத்தோட்டை, கம்மடுவ, எல்கடுவ, கந்தேநுவர என்று மலைப்பக்கம் போகும் பஸ்களில் ஏறுகிறவர்களில் கணிசமானோர் ஆசிரியர்கள். ஒரு தோளில் கைப்பை, மறு கையில் நேற்றிரவு திருத்திய அப்பியாசக் கொப்பிக் கட்டு, சோற்றுப் பெட்டி ஒரு பையில் தனியாக. சேலை கசங்காமல் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும் போனை எடுக்கிறார்கள். இரத்தோட்டை தாண்டி வளைவுகள் தொடங்கிவிட்டால் திரையைப் பார்க்க முடியாது, தலை சுற்றும். சிக்னலும் ஒரு வளைவில் வந்து மறு வளைவில் போய்விடும். கொப்பி திருத்தவும் முடியாது. கண்ணும் கையும் ஓய்ந்திருக்கிற அந்த நேரத்தில் காது மட்டும் சும்மா இருக்கிறது. சாரதி போட்டிருக்கும் பாட்டு நல்லதாக அமைந்துவிட்டால் அது வேறு விஷயம்.

இரண்டாவது காரணம், நாம் சிதறிக் கிடப்பது. 2012 குடிசன மதிப்பீட்டில் மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை 4,84,531. தமிழர் அதில் பத்தில் ஒரு பங்கு. முஸ்லிம்கள் ஏறத்தாழ அதே அளவு. மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ என்று நான்கு கல்வி வலயங்கள். தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் நக்கிள்ஸ் மலைச்சரிவுத் தோட்டங்களிலும், உக்குவெலப் பக்கத்து முஸ்லிம் கிராமங்களிலும், கலேவெலவிலும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கின்றன. ஓர் ஆசிரிய ஆலோசகர் எத்தனை பஸ் ஏறி இறங்கினாலும் ஒரு தவணைக்குள் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர முடியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது காரணத்தை வெளியார் லேசில் உணர மாட்டார்கள். சின்னத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவர் ஒருவர்தான். கணிதத்துக்கும் ஒருவர்தான், சில இடங்களில் இரண்டும் அவரேதான். பாடம் சரியாகப் போகாத நாளில் 'இதை நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், சேர்?' என்று கேட்க அடுத்த வகுப்பில் ஆள் இல்லை. 2014, 2015 காலத்தில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். உயர்தரத்தில் சித்தியடைந்த கையோடு வகுப்புக்குள் போனவர்கள் அவர்கள். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபாய், பிறகு 10,000. ஆசிரிய கலாசாலையின் வாசலை மிதித்தது பிற்பாடுதான். பயிற்சியே இல்லாமல் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தனியாக நின்ற அந்த முதல் வருடத்தில், அனுபவப்பட்ட ஒருவரின் குரல் காதோரம் இருந்திருந்தால் எவ்வளவு ஆறுதல்!

செயலமர்வுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் மண்டபம் நிறைய உட்கார்ந்து, புரொஜெக்டர் வெளிச்சத்தில் எழுத்துகளைப் பார்த்து, பத்து மணிக்குத் தேநீரும் பணிசும், பகலில் சோற்றுப் பார்சலும் முடித்து, வரவுப் பதிவில் ஒப்பமிட்டு வருகிறோம். அங்கே சொல்லப்படுவதில் நல்லது நிறையவே இருக்கும். திங்கட்கிழமை வகுப்பில் அது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலேயே இதை ஆராய்ந்தார்கள். விரிவுரை கேட்பதோடு நின்றால் கற்பித்தலில் ஏறக்குறைய ஒன்றுமே மாறுவதில்லை. செய்து காட்டினால் கொஞ்சம், செய்ய வைத்தால் இன்னும் கொஞ்சம். சக ஆசிரியர் ஒருவர் தொடர்ந்து கூட இருந்து, பார்த்து, பேசிக்கொள்ளும் இடத்தில்தான் புதியது வகுப்பறையில் நிலைக்கிறது. அவர்கள் கண்டது இதுதான்.

இந்த அளவுகோல் பொட்காஸ்டுக்கும் பொருந்தும். காதில் வயரை மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு இறங்கிப் போனால் அதுவும் ஒரு விரிவுரைதான். தேநீரும் பணிசும் இல்லாத விரிவுரை. ஆகவே 'எல்லாரும் பொட்காஸ்ட் கேளுங்கள்' என்பதல்ல என் பேச்சு. நம் ஆசிரியர்களே பேச வேண்டும், நம் ஆசிரியர்களே கேட்க வேண்டும், கேட்டதை மறுநாள் செய்து பார்த்து இரண்டு பேராவது அதைப் பற்றிக் கதைத்துக்கொள்ள வேண்டும்.

'நாமே பேச வேண்டும்' என்பதை ஏன் அழுத்துகிறேன் என்பதற்கு இங்கிலாந்தின் போல்ட்டன் நகரத்துக் கணித ஆசிரியர் கிரெய்க் பார்ட்டனின் அனுபவம் நல்ல சாட்சி. பன்னிரண்டு ஆண்டுகள் கற்பித்து, நல்ல ஆசிரியர் என்று பெயரும் எடுத்தவர். கணித ஆசிரியர்களுக்காக ஒரு பொட்காஸ்ட் தொடங்கி, டிலன் வில்லியம் போன்ற கல்வி ஆய்வாளர்களையும் வகுப்பறை ஆசிரியர்களையும் அழைத்து மணிக்கணக்கில் பேட்டி கண்டார். கேள்வி கேட்க உட்கார்ந்தவர், விடைகளைக் கேட்கக் கேட்கத் தன் கற்பித்தலையே சந்தேகிக்கத் தொடங்கினார். மாணவர்கள் தாமாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்ட இடங்களில் தெளிவான மாதிரிக் கணக்குகளைப் படிப்படியாகச் செய்து காட்டத் தொடங்கினார். பிள்ளையின் விடை பிழை என்பதோடு நிற்காமல், எந்த எண்ணம் அந்தப் பிழைக்குக் கொண்டுபோனது என்று காட்டிக்கொடுக்கிற கேள்விகளைத் தொகுத்தவரும் அவர்தான். கணிதத்தை இப்படியல்லவா கற்பித்திருக்க வேண்டும் என்ற ஆதங்கத்தையே தலைப்பாக்கி 2018இல் அவர் வெளியிட்ட நூலை இன்று பல நாட்டுக் கணித ஆசிரியர்கள் படிக்கிறார்கள். கவனியுங்கள்: அந்தப் பொட்காஸ்டால் அதிகம் கற்றுக்கொண்டவர் அதை நடத்தியவர். கேட்டவர்கள் அவருக்கு அடுத்தபடிதான்.

போல்ட்டன் எங்கே, இரத்தோட்டை எங்கே என்பீர்கள். சரி, பக்கத்தில் பார்ப்போம். வங்காளதேசத்தில் 2008 முதல் 2017 வரை 'இங்கிலிஷ் இன் அக்ஷன்' என்ற திட்டம் பிரித்தானிய உதவியுடன் நடந்தது. கிராமத்து ஆங்கில ஆசிரியர்களைத் தலைநகருக்கு இழுத்து வகுப்பு நடத்துவதை விட்டுவிட்டு, பயிற்சியை அவர்கள் சட்டைப் பைக்கே அனுப்பிவைத்தார்கள். முதலில் ஐபாட் கொடுத்துப் பார்த்தார்கள். பல்லாயிரம் பேருக்கு அது கட்டுபடியாகாது என்று தெரிந்ததும் சாதாரண நோக்கியா போனுக்கு மாறினார்கள். போனுக்குள் ஒரு சின்ன நினைவக அட்டை; அதில் வகுப்பில் போட்டுக் காட்டப் பாட்டும் உரையாடலும், ஆசிரியர் தனியே கேட்கவும் பார்க்கவும் கற்பித்தல் விளக்கங்கள். கூடவே கையில் தூக்கிப் போகிற ஒலிபெருக்கி ஒன்று. இணையம் தேவையில்லை, சிக்னல் தேவையில்லை.

அந்தத் திட்டத்தில் என்னை அதிகம் கவர்ந்தது கருவியல்ல. ஒரு பாடசாலையிலிருந்து ஒருவரை எடுக்காமல் இருவராகச் சேர்த்தார்கள். 'நீ செய்தாயா, உன் வகுப்பில் எப்படிப் போனது?' என்று கேட்க ஒரு துணை. ஜொய்ஸும் ஷவர்ஸும் வலியுறுத்தியது இதையேதான்.

நம் நாட்டிலும் இதற்கு வேர் இல்லாமல் இல்லை. இலங்கை வானொலியின் பாடசாலை ஒலிபரப்பை நம்மில் மூத்தவர்கள் வகுப்பிலிருந்தே கேட்டவர்கள். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையில் ஓயும்வரை, அதை இரவில் காதோடு வைத்துக் கேட்டு மறுநாள் வகுப்பில் உலக நடப்புச் சொன்ன தோட்டத்து ஆசிரியர்கள் உண்டு. 1989இல் ஒலிக்கத் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி இன்னும் ஒரு படி மேலே போனது. 1990களின் கடைசியில், கிராமத்தில் கணினியே அபூர்வமாக இருந்த காலத்தில், யுனெஸ்கோ உதவியுடன் அங்கே இணைய இணைப்பு வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். ஒலிபரப்பாளர்கள் இணையத்தில் தேடி, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஊருக்கு விளங்குகிற பேச்சில் விடை சொல்வார்கள். ஆசிரியர்களுக்கான ஒலிப்பதிவு ஒன்றை நாம் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் பழைய கதை ஒன்று நம் ஊர் வாசலிலேயே இருக்கிறது. மாத்தளை நகரைத் தாண்டி ஏ-9 பாதையில் வடக்கே மூன்று கிலோமீற்றர் அளவில் அலுவிகாரை. வாய்வழியாகவே வழங்கி வந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அவ்வளவு பெரிய தொகுதி செவியிலும் நாவிலும் மட்டுமே நின்றது. எப்படி நின்றது? ஒவ்வொரு பகுதிக்கும் அதை ஓதுகிறவர்கள் குழுவாக இருந்தார்கள். சேர்ந்து ஓதினார்கள், ஒருவர் தவறினால் மற்றவர் திருத்தினார். தனியே கேட்டுவிட்டுப் போயிருந்தால் ஒரு தலைமுறையிலேயே கரைந்து போயிருக்கும். பஞ்சமும் போரும் வந்து ஓதுகிறவர்கள் குறைந்தபோதுதான் எழுத்தைத் தேடினார்கள். இரத்தோட்டை பஸ்ஸில் ஒரு காதில் வயர் மாட்டியிருக்கும் டீச்சருக்கு அலுவிகாரைப் பிக்குகள் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்கு மறு காது வயரைக் கொடுங்கள்.

சரி, பத்து நிமிடத்தில் என்னதான் பேசுவது? 'மாணவர் மையக் கற்றலின் முக்கியத்துவம்' என்று தலைப்புப் போட்டால் நானே கேட்க மாட்டேன். ஒரு பாடம், அதில் ஒரு சிக்கல் போதும். ஓர் உதாரணம்.

தரம் ஐந்திலோ ஆறிலோ பின்னம் கற்பிக்கிற ஒரு டீச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று கேட்கிறார். 'நாலில் ஒன்றுதான் பெருசு மிஸ், மூணைவிட நாலு பெருசுதானே?' என்று வகுப்பில் பாதிக் கை உயர்கிறது. டீச்சர் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டுக் கோடு பிரித்துக் காட்டுகிறார். எல்லாத் தலையும் ஆடுகிறது. மறுநாள் கேட்டால் மறுபடியும் நாலில் ஒன்றுதான் பெரிது! பிறகு ஒரு நாள் வீட்டிலிருந்து இரண்டு ரொட்டி கொண்டுவருகிறார். ஒரு பக்கம் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ரொட்டி, மறு பக்கம் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு ரொட்டி. 'நீ எந்தப் பக்கம் உட்காருவாய்?' என்கிறார். நான்கு பேர் பக்கம் போக ஒருவருமில்லை. அத்தோடு மூன்றில் ஒன்று தீர்ந்தது.

செயலமர்வாக இருந்தால் கைதட்டலோடு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் உண்மையில் இதற்குப் பிறகுதான் விஷயம் இருக்கிறது. அடுத்த வாரம் மூன்றில் இரண்டு பெரிதா, நாலில் மூன்று பெரிதா என்ற கேள்வி வருகிறது. ரொட்டி கைவிட்டுவிடுகிறது. பிய்த்த துண்டுகளை வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பிள்ளைகள் சண்டையில் இறங்கிவிட்டார்கள். டீச்சர் கடதாசிப் பட்டிகளை மடிக்கச் சொல்கிறார். ஒரு பட்டியில் மூன்று மடிப்பு, மறு பட்டியில் நான்கு. 'முழுசுக்கு இன்னும் எவ்வளவு குறையுது?' என்று கேட்கிறார். ஒன்றில் மூன்றில் ஒன்று குறைகிறது, மற்றதில் நாலில் ஒன்றுதான் குறைகிறது. மூன்றில் ஒன்று பெரிது என்று அவர்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! குறைவது சிறிதானால் இருப்பது பெரிது என்று பின்வாங்கில் இருக்கும் ஒரு பையனே சொல்லிவிடுகிறான்.

நம் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியது இந்த மாதிரி விஷயங்கள். எது எடுபட்டது, எந்த இடத்தில் கைவிட்டது, பிள்ளை வாயிலிருந்து வந்த சொல் எது. இதைக் கேட்கிற மற்றொரு டீச்சர் மறுநாளே பட்டி மடிக்கலாம். வகுப்பறையின் இந்த அனுபவம் ஆசிரியர் வழிகாட்டி நூல்களில் இல்லை. அவை பெரும்பாலும் சிங்களத்தில் முதலில் எழுதப்பட்டுப் பிறகு தமிழுக்கு வருகின்றன. அந்தத் தமிழை விளங்கிக்கொள்ளவே ஒரு வழிகாட்டி தேவைப்படும் நாள்களும் உண்டு. பேச்சில் வருவது வேறு. கம்மடுவ டீச்சரின் தோட்டத்துத் தமிழும், உக்குவெல சேரின் தமிழும் அப்படியே வரட்டும். வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத்தின் குரல் எல்லாருக்கும் வாய்க்காது. பின்னம் சொல்லிக்கொடுக்க அது தேவையும் இல்லை.

கருவிக்குச் செலவு உண்டா என்று கேட்பீர்கள். கையிலுள்ள போனின் ஒலிப்பதிவுச் செயலியே போதும். பேச்சு மட்டும் என்றால் 32 கிலோபிட் தரத்தில் பதிந்தாலே தெளிவாகக் கேட்கும். பத்து நிமிடம் வெறும் 2.4 மெகாபைட்தான். அதே பத்து நிமிடத்தை வீடியோவாக எடுத்தால் பல மடங்கு பெரிதாகி, டேட்டா கார்ட்டையே விழுங்கிவிடும். இடம்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும். தடுப்புச் சுவர் இல்லாத ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு நடக்கிற பாடசாலையில் ஒன்றரை மணிக்கு முன் பதிவு செய்ய முடியாது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டில் உடுப்பு அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்து பேசினால் எதிரொலி அடங்கும். போனை வாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். வெட்டி ஒட்டுவதற்கெல்லாம் மினக்கெட வேண்டாம்.

இதெல்லாம் நம் ஆசிரியர்களுக்குப் புதிதும் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடியபோது பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பி அனுப்பியே தொண்டை கட்டியவர்கள் இவர்கள். பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய படங்களும் அப்போது பத்திரிகைகளில் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளைக் கிழித்துப் பாதைகளைத் துண்டித்தபோது உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. இப்படிப்பட்ட நாள்களில் செயலமர்வுக்கு யார் எங்கே போவது? போனிலிருந்து போனுக்குப் புளூடூத்தில் போகிற 2.4 மெகாபைட்டுக்குப் பாதையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரிகள் யாராவது இதைப் படித்து ஆர்வம் கொண்டால் மகிழ்ச்சி. ஆனால் தயவுசெய்து இதைக் கட்டாயமாக்க வேண்டாம். 'கேட்டேன்' என்று ஒப்பமிட ஒரு படிவம் வந்த அன்றே ஆசிரியர்கள் ஒலியைக் குறைத்து ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். நம் ஆசிரியர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் அடுப்படி காத்திருக்கிறது. 'தேங்காய் துருவும்போது கேட்கலாமே' என்று ஆண் அதிபர்கள் யோசனை சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் பாட்டுக் கேட்கட்டும், அல்லது சும்மா இருக்கட்டும். பஸ் நேரத்தையும் விருப்பமுள்ளவர்தான் இதற்குக் கொடுக்க வேண்டும்.

பேசுகிறவர்களுக்கும் ஒரு சொல். பிள்ளையின் பெயரைச் சொல்லாதீர்கள், வீட்டுக் கதையைச் சொல்லாதீர்கள். சின்ன ஊர், பெயரில்லாவிட்டாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். இடமாற்றக் குறை, அதிபரோடு மனஸ்தாபம், சம்பள முரண்பாடு எல்லாம் நியாயமானவைதான். அவற்றைப் பேசத் தொழிற்சங்கம் இருக்கிறது. இந்தப் பத்து நிமிடத்தைப் பாடத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஆசிரிய மத்திய நிலையங்களில் பொறுப்பாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். செயலமர்வு முடிந்ததும் நல்லதொரு பாடம் சொன்ன ஆசிரியரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் பத்து நிமிடம் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். வராதவர்களுக்கு அது போய்ச் சேரும். அடுத்த செயலமர்வைத் தொடங்கும்போது விரிவுரைக்கு முன் 'போன மாதத்துப் பதிவைக் கேட்டுச் செய்து பார்த்தவர் யார், என்ன நடந்தது?' என்று அரை மணி நேரம் பேசவிடுங்கள். அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் பதிவு செய்ததில் பாதிப் பயன்தான்.

ஆசிரியர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்தத் தவணையில் நீங்கள் கற்பித்த ஒரே ஒரு பாடத்தைப் பற்றி, பத்து நிமிடத்துக்கு மேற்படாமல், போனில் பேசி அனுப்புங்கள். நன்றாகப் போன பாடம்தான் வேண்டும் என்றில்லை. சொதப்பிய பாடமானால் இன்னும் விருப்பத்தோடு கேட்பேன். சந்தா விவரம் அனுப்பும் அதே இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். தெரிவு செய்தவற்றை ஒலிப்பதிவாகவே ஆசிரியர் குழுக்களுக்குப் பகிர்வோம். அவற்றில் சிலவற்றை எழுத்தாக்கி இந்த இதழிலும் வெளியிடுவோம். முடிந்தால் இருவராகச் சேர்ந்து பேசுங்கள்: ஒருவர் பாடத்தைச் சொல்லட்டும், மற்றவர் குறுக்கே கேள்வி கேட்கட்டும். பெயரும் கற்பிக்கும் தரமும் பாடமும் குறிப்பிடுங்கள். பாடசாலையின் பெயர் வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், போடமாட்டோம். அடுத்த தவணை தொடங்குமுன் உங்கள் குரல்கள் வந்து சேரட்டும்.

அன்புடன்,
இதழாசிரியர்